திரவ சோப்பு: எண்ணெய்க்கு ஏற்ற காரம்

வீட்டிலேயே திரவ சோப்பு தயாரிக்க விரும்பும் வாடிக்கையாளர்கள் முதலில் வாங்க வேண்டியது, கிராம் கணக்கில் நிறுக்கும் மின்னணுத் தராசு. கரண்டி அளவு இங்கே உதவாது. எண்ணெயுடன் காஸ்டிக் சோடா சேர்ந்தால் கட்டி சோப்பு உருவாகும்; காஸ்டிக் பொட்டாஷ் சேர்ந்தால் நீரில் எளிதில் கரையும் குழைவான சோப்பு கிடைக்கும். நமக்குத் தேவை பின்னதே.

ஒவ்வோர் எண்ணெய்க்கும் வேண்டிய காரம் வேறுபடும். ஒரு கிராம் தேங்காய் எண்ணெய்க்குச் சுமார் 257 மில்லிகிராம் தூய காஸ்டிக் பொட்டாஷ் தேவை. ஆமணக்கெண்ணெய்க்கு ஏறத்தாழ 180 போதும். முன்னதற்குரிய அளவைப் பின்னதில் கலந்தால், மிஞ்சிய காரம் தோலைப் புண்ணாக்கிவிடும். பற்றும் வரவும் சமமாக இருக்கவேண்டும் என்பது வங்கியின் வழக்கம்; சோப்பிலோ காரம் சற்றுக் குறைவதே பாதுகாப்பு.

500 கிராம் தேங்காய் எண்ணெய்க்குத் தூய காரம் 128.5 கிராம். கடையில் கிடைப்பது பெரும்பாலும் 90 சதவீதத் தூய்மையுடையது என்பதால் 0.90 ஆல் வகுக்க, ஏறக்குறைய 143 கிராம் வரும். அதில் 3 சதவீதம் கழித்து 138 கிராம் எடுக்கலாம். உறையில் வேறு சதவீதம் அச்சிடப்பட்டிருந்தால் கணக்கும் மாறும்.

கையுறையும் கண்ணாடியும் அணிந்து, காற்றோட்டமான இடத்தில், எவர்சில்வர் பாத்திரத்திலுள்ள 415 மில்லி நீரில் காரத்தைச் சிறிது சிறிதாக இடவேண்டும். காரத்தின் மேல் நீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் அறவே கூடாது. காரம் அதை அரித்து, தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவை வெளியேற்றும். இக்கரைசலைச் சூடான எண்ணெயில் ஊற்றிக் கெட்டியாகும்வரை கிளறி, கொதிநீர்ப் பாத்திரத்தினுள் வைத்துச் சில மணி நேரம் வேகவிட்டால் பசை போலாகும். அதில் சிறிதளவை வெந்நீரில் கரைத்துப் பாருங்கள். மேலே எண்ணெய் மிதந்தால் இன்னும் வேகவேண்டும்.

பசையின் எடைக்குச் சமமான, காய்ச்சி வடித்த வெந்நீரில் அதைக் கரைக்கவேண்டும். உப்பு நீரானால் திரிந்து படியும். கிளிசரின் 3 சதவீதம், நறுமண எண்ணெய் 1 சதவீதம் போதும். எலுமிச்சைச் சாறு வேண்டாம். அமிலம் சோப்பையே பிரித்துக் கலங்கலாக்கும். கெட்டியாக்கச் சமையலுப்பு சேர்ப்பது கடைகளில் விற்கும் செயற்கை நுரைப்பொருள் கலவைகளுக்கே பொருந்தும். தேங்காய் எண்ணெய் சோப்பு அதனால் கெட்டிப்படுவதில்லை.

உடலுக்குப் பயன்படும் சோப்பை விற்பனைக்குத் தயாரிக்க, 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி உற்பத்தி உரிமம் பெறவேண்டும். முதலீட்டுக்கு, முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையின்றிக் கடன் கோரலாம்.