ஓட்டல் ருசியும் வீட்டு அடுப்பும்

தமிழ்நாட்டுப் பேச்சுவழக்கில் 'ஓட்டல்' என்னும் சொல் தங்கும் விடுதியைவிடச் சாப்பாட்டுக் கடையையே முதலில் குறிப்பதும், அங்கே கிடைப்பவற்றுக்கு 'ஓட்டல் சாம்பார்', 'ஓட்டல் சட்னி' என்று தனிப்பெயரே ஏற்பட்டிருப்பதும், அவற்றின் சுவையை வீட்டுச் சுவையிலிருந்து வேறான ஒன்றாகவே மக்கள் நெடுங்காலமாக எண்ணிவருவதைக் காட்டுகின்றன. அந்தச் சுவையை வீட்டு அடுப்பிலும் வரவழைத்துவிட வேண்டும் என்ற ஆசைக்கு, வார இதழ்களின் சமையல் இணைப்புகள் முதல் இன்றைய காணொளிகள் வரை பலவும் விடைசொல்ல முயன்றிருக்கின்றன. ஆயினும் அவற்றில் பெரும்பாலானவை, ஓட்டல்காரர்கள் வெளியே சொல்லாத ஏதோ ஒரு பொருளைச் சேர்க்கிறார்கள் என்ற ஊகத்திலிருந்தே தொடங்குகின்றன. ஓட்டல் அடுக்களையில் நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்த்தால், சுவையின் பெரும்பகுதி சேர்மானத்தைவிடச் சூட்டிலும், ஒரே நேரத்தில் சமைக்கப்படும் அளவிலும், பண்டம் காத்திருக்கும் நேரத்திலும் அடங்கியிருப்பது புலப்படும்.

இந்தச் சுவைக்கு ஒரு வரலாறும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் 'காபி கிளப்' என்ற பெயரில் பெருகிய கடைகள்தாம் நகரத்துத் தமிழர்களுக்கு வீட்டுக்கு வெளியே உட்கார்ந்து டிபன் சாப்பிடும் பழக்கத்தைக் கொண்டுவந்தன. அவற்றை அடுத்து, கன்னடக் கடற்கரையின் உடுப்பிப் பகுதியிலிருந்து வந்தவர்கள் நடத்திய உணவகங்கள் அந்தப் பழக்கத்துக்கு நிலையான வடிவம் கொடுத்தன. அவர்களுள் ஒருவரான கே. கிருஷ்ணராவ் 1938-இல் சென்னை ராயப்பேட்டையில் தொடங்கிய உட்லண்ட்ஸ், 'உடுப்பி ஓட்டல்' என்ற சொல்லைச் சைவ டிபன் கடைக்கான பொதுப்பெயராகவே ஆக்கிய உணவகங்களுள் முதன்மையானது. சாம்பாரில் சிறிது வெல்லம் போடும் உடுப்பிப் பழக்கம் சென்னை ஓட்டல்கள் பலவற்றில் இன்றும் தங்கியிருப்பது இந்தத் தொடர்பின் அடையாளமே. பலரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து உண்ணும் இடமாக ஓட்டல் மாறியது எளிதாக நடந்துவிடவில்லை என்பதையும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும். உணவகப் பெயர்ப்பலகைகளில் 'பிராமணாள்' என்ற சொல் இடம்பெறுவதை எதிர்த்துப் பெரியார் 1957-இல் சென்னையில் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது.

ஓட்டல் ருசியின் இயக்கத்தை விளங்கிக்கொள்ளத் தோசையைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. தோசை மாஸ்டர் கல்லின்மேல் ஒரு கை தண்ணீரைத் தெளிக்கிறார். அது சீறி ஆவியாகும்போதே தென்னை ஈர்க்குத் துடைப்பத்தால் கல்லை ஒரு வீச்சில் துடைக்கிறார். தட்டையான அடியுள்ள கிண்ணத்தில் மாவை மொண்டு நடுவில் ஊற்றி, கிண்ணத்தின் அடிப்பாகத்தாலேயே உள்ளிருந்து வெளியே சுழற்றி இழுக்கிறார். பார்ப்பவருக்குக் கல்லைச் சுத்தம் செய்வதாகத் தோன்றும் அந்தத் தண்ணீர்த் தெளிப்பே உண்மையில் தோசையின் பாதி வேலையைச் செய்கிறது. அரிசி மாவில் உள்ள ஸ்டார்ச், அதாவது மாவுச்சத்து, ஏறத்தாழ 70 டிகிரி செல்சியஸை எட்டியதும் நீரை உறிஞ்சி இறுகத் தொடங்குகிறது. கல்லின் மேற்பரப்பு மிகுந்த சூட்டில் இருந்தால், ஊற்றிய இடத்திலேயே மாவு இறுகிக் கிண்ணத்தோடு சுருண்டு வந்துவிடும். தண்ணீர் தெளிக்கும்போது மேற்பரப்பின் சூடு மட்டும் சில நொடிகளுக்குக் குறைகிறது. அந்த இடைவெளியில் மாவு மெல்லியதாகப் பரவிவிட, விரல் கனத்துக்கு இருக்கும் இரும்புக் கல்லின் உட்பகுதியில் தேங்கியுள்ள வெப்பம் மறுபடி மேலேறி, பரவிய மாவைப் பொன்னிறமாக்குகிறது.

தெளித்த தண்ணீர் ஆவியாகிவிடாமல் முத்துமுத்தாக உருண்டு ஓடுமானால், கல் அளவுக்கு மீறிக் காய்ந்திருக்கிறது என்று பொருள். துளிக்கும் கல்லுக்கும் நடுவே நீராவியாலான மெல்லிய மெத்தை ஒன்று உருவாகி, துளியைச் சூடு தொடவிடாமல் தாங்குவதே இதற்குக் காரணம். ஜெர்மானிய மருத்துவர் லைடன்ஃபிராஸ்ட் 1756-இல் இதை விளக்கி எழுதியதால் இது அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. தோசை மாஸ்டர்கள் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள் என்றாலும், துளி ஓடினால் இன்னொரு கை தண்ணீர், சீறினால் மாவு என்ற கணக்கை நாள்தோறும் தவறாமல் போடுகிறார்கள்.

வீட்டில் இதே தோசை வெளுத்துப்போவதற்கான விடை இங்கேதான் இருக்கிறது. கடைகளில் விற்கும் ஒட்டாத பூச்சுள்ள மெல்லிய தவாவில் தேங்கியிருக்கும் வெப்பம் மிகக் குறைவாதலால், ஒரு கரண்டி மாவை ஊற்றியதும் அது குளிர்ந்துபோய்விடுகிறது. மாவில் உள்ள நீரை ஆவியாக்குவதிலேயே அடுப்பின் சூடு முழுவதும் செலவழிய, தோசை வேகிறதே தவிர முறுகுவதில்லை. போதாததற்கு, வழுக்கும் பூச்சின்மேல் மாவு பிடிமானம் இல்லாமல் கரண்டியோடு நகர்வதால் மெல்லியதாக இழுக்கவும் முடிவதில்லை. கனமான வார்ப்பிரும்புக் கல்லை நடுத்தரத் தீயில் எட்டுப் பத்து நிமிடம் காயவைத்து, ஒவ்வொரு தோசைக்கும் முன்பு தண்ணீர் தெளித்துத் துடைத்து, ஒரு தோசைக்கும் அடுத்ததற்கும் இடையே கல்லுக்கு அரை நிமிட ஓய்வு கொடுத்தாலே, வீட்டுத் தோசை ஓட்டல் ரோஸ்டின் பக்கத்தில் வந்து நின்றுவிடும். முதல் தோசை பெரும்பாலும் சரியாக வராதது கைக்குற்றமன்று; கல் இன்னும் சமநிலைக்கு வரவில்லை என்பதுதான். ஓட்டலில் காலை ஆறு மணிக்குப் போட்ட முதல் தோசையை யாரும் பார்ப்பதில்லை.

பொன்னிறத்துக்கு மாவின் பங்கும் உண்டு. உணவில் உள்ள சர்க்கரையும் புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களும் மிகுந்த சூட்டில் ஒன்றோடொன்று வினைபுரிந்து நிறத்தையும் மணத்தையும் உண்டாக்குவதைப் பிரெஞ்சு வேதியியலாளர் மயார் 1912-இல் விளக்கினார்; தோசையின் முறுகல், காபிக்கொட்டையின் வறுபட்ட மணம், பரோட்டாவின் கரும்புள்ளி எல்லாமே இந்த மயார் வினையின் பிள்ளைகள்தாம். ஓட்டல் மாவில் புழுங்கலரிசி, உளுந்து, வெந்தயத்தோடு ஒரு பிடி கடலைப்பருப்போ துவரம்பருப்போ சேர்ப்பதும், சில இடங்களில் ஊற்றுவதற்குச் சற்று முன்பு சிறிது சர்க்கரை கலப்பதும் இந்த வினைக்கு வேண்டிய புரதத்தையும் சர்க்கரையையும் கூட்டிக்கொடுப்பதற்கே. மாவைப் புளிக்கவைக்கும் லூக்கோனாஸ்டாக் முதலிய நுண்ணுயிரிகள் வெதுவெதுப்பில்தான் நன்றாக வேலைசெய்யும். பெரிய பாத்திரங்களில் புளிக்கும் ஓட்டல் மாவு தன் சூட்டைத் தானே தக்கவைத்துக்கொள்ள, வீட்டுக் கிண்ண மாவு மார்கழி இரவில் விறைத்துப்போகிறது. குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த மாவை அப்படியே கல்லில் ஊற்றுவது மிகப் பரவலான பிழை. அந்தக் குளிர்ச்சி கல்லின் சூட்டை இழுத்துக்கொள்வதோடு மாவைப் பரவவும் விடுவதில்லை.

சாம்பாருக்கு வந்தால் கணக்கு மாறுகிறது. இங்கே ஓட்டலின் துணை பாத்திரத்தின் கொள்ளளவே. சாம்பார், குழம்பு, கூட்டு ஆகியவற்றுக்குப் பொறுப்பான தலைமைச் சமையற்காரரை ஓட்டல் வழக்கில் 'சரக்கு மாஸ்டர்' என்பார்கள். அவர் விடியற்காலையில் இறக்கிவைக்கும் பெரிய அண்டாச் சாம்பார் அதன் கொள்ளளவை நோக்க மேற்பரப்பு குறைந்தது என்பதால், மெதுவாகவே ஆறுகிறது. மணம் அவ்வளவு விரைவில் ஆவியாகிப் போவதுமில்லை. அடுத்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் பருப்பு கரைந்து, சின்ன வெங்காயம் குழைந்து, புளியின் கூர்மை மழுங்கி, எல்லாம் ஒன்றுகூடிவிடுகின்றன. வீட்டில் நாலு பேருக்கு வைத்த சாம்பார் இறக்கிய பத்தாம் நிமிடத்தில் இட்லிமேல் ஊற்றப்படுகிறது. அதே சாம்பாரைக் கனமான பாத்திரத்தில் மூடி ஒரு மணி நேரம் விட்டு, பிறகு மெல்லச் சூடுகாட்டிப் பரிமாறினால் ஏற்படும் வேறுபாடு, எந்தப் பொடியை மாற்றினாலும் ஏற்படாது.

டிபன் சாம்பார் என்பது சோற்றுக்கு ஊற்றும் சாம்பாரிலிருந்து வேறு வகை என்பதையும் வீட்டில் பலர் கவனிப்பதில்லை. துவரம்பருப்போடு பாசிப்பருப்பைக் கலப்பதும், பரங்கிக்காயை அடையாளம் தெரியாமல் குழைய விடுவதும், சுண்டைக்காய் அளவு வெல்லம் போடுவதும், மல்லி, கடலைப்பருப்பு, மிளகாய், தேங்காயை வறுத்து அன்றன்றே அரைத்துவிடுவதும் இதன் இலக்கணம். திருவல்லிக்கேணி ரத்னா கபேயில் இட்லி முழுகும் அளவுக்குச் சாம்பார் ஊற்றுவது பெயர்பெற்ற வழக்கம். அப்படி ஊற்றத்தக்க சாம்பார் இட்லியின் துளைகளுக்குள் இறங்கும் அளவுக்கு நீர்க்கவும், இறங்கியபின் அங்கேயே தங்கும் அளவுக்குக் குழைவாகவும் இருக்க வேண்டும். பரங்கிக்காயின் வேலை அந்தக் குழைவுதான். பெருங்காயத்தைப் பொறுத்தவரை, தூளாக விற்கப்படுவது மாவும் பசையும் கலந்த கூட்டுப் பொருள். கட்டிப் பெருங்காயத்தை நெய்யிலோ எண்ணெயிலோ பொரியவிட்டால்தான் அதன் கந்தகச் சேர்மங்கள் காட்டம் தணிந்து மணமாக மாறுகின்றன. கொதிக்கும் சாம்பாரில் தூளை நேராகத் தூவுபவருக்கு அந்த மணம் கிடைப்பதில்லை.

பரோட்டாவை வீட்டில் செய்ய முனைபவர்கள் தோற்பது பெரும்பாலும் பொறுமையில். மைதாவில் நீர் சேர்ந்ததும் உருவாகும் குளூட்டன் என்னும் மீள்தன்மையுள்ள புரத வலை, எண்ணெயில் ஊறி ஓய்வெடுத்தால்தான் துணிபோல் வீசுவதற்கு இசைந்துகொடுக்கும். பரோட்டா மாஸ்டர் உருண்டைகளை எண்ணெய் பூசி மூடிவைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பது அதனால்தான். கையேந்தி பவன்களின் ஃபிரைடு ரைசை வீட்டில் அப்படியே கொண்டுவர முடியாது என்றே சொல்லிவிடலாம். அந்த இரும்பு வாணலியை நக்கும் தீயின் வேகம் வீட்டுப் பர்னருக்கு இல்லை. வாணலி நிறையச் சோற்றைக் கொட்டாமல் ஒரு ஆளுக்கு ஒரு தடவையாக, முதல்நாள் வடித்து உலர்ந்த சோற்றைப் போட்டு வதக்குவதே ஆகக்கூடிய சமரசம்.

ரகசியப் பொருள் பற்றிய நம்பிக்கை எவ்வளவு ஆழமானது என்பதைச் சிக்கன் 65 நன்றாகக் காட்டுகிறது. 1951-இல் சென்னை மவுண்ட் ரோட்டில் தொடங்கப்பட்ட புகாரி ஓட்டல், 1965-இல் தன் பட்டியலில் அதைச் சேர்த்ததால் அந்தப் பெயர் வந்தது என்று கூறுகிறது. மக்களோ அறுபத்தைந்து மிளகாய், அறுபத்தைந்து நாள் கோழி, அறுபத்தைந்து துண்டுகள் என்று கதைகளை அடுக்கிக்கொண்டே போனார்கள். எண்ணெயில் போடும்போது இறைச்சியின் ஈரம் வடிந்திருப்பதும், எண்ணெய் போதுமான சூட்டில் இருப்பதும், ஒரே தடவையில் அதிகத் துண்டுகளைப் போடாதிருப்பதும் அந்தக் கதைகளில் எதிலும் இடம்பெறவில்லை.

ஓட்டலே வீட்டைத் தேடிவந்த கதையும் உண்டு. பெங்களூரில் 1924-இல் தொடங்கிய மாவள்ளி டிபன் ரூம்ஸ், இரண்டாம் உலகப்போர்க் காலத்தின் அரிசித் தட்டுப்பாட்டில் ரவையைக் கொண்டு இட்லி செய்து பார்த்ததே ரவா இட்லியின் தொடக்கம் என்கிறது. நெருக்கடிநிலைக் காலத்து விலைக் கட்டுப்பாட்டால் உணவகத்தை நடத்துவது கடினமானபோது, அதன் உரிமையாளர்கள் மசாலாப் பொடிகளையும் உடனடிக் கலவைகளையும் விற்கத் தொடங்கினார்கள். ஓட்டலில் பிறந்த பண்டம் ஓட்டலின் பெயரோடு பாக்கெட்டாகி வீட்டு அலமாரிக்கு வந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. ஆனால் பாக்கெட் தருவது சேர்மானத்தை மட்டுமே. கல்லும் அண்டாவும் அதற்குள் இல்லை.

இவற்றோடு சேர்த்துப் பேசத் தயங்கக்கூடாத ஒன்று, ஓட்டல் சமையலில் உப்பு, எண்ணெய், நெய் ஆகியவற்றின் அளவு. நெய் ரோஸ்டின்மேல் மாஸ்டர் சுற்றும் நெய்யை அளந்து பார்த்தால், வீட்டில் அதே அளவை ஊற்றுவதற்குப் பலருக்கும் கை கூசும். மணம் தரும் பொருள்கள் பலவும் கொழுப்பில் கரைபவை ஆதலால், நெய்யைக் குறைத்துவிட்டு அதே மணத்தை எதிர்பார்ப்பதில் பயனில்லை. மாதம் ஒருமுறை முழு அளவில் செய்து உண்பதே, வாரந்தோறும் அரைகுறையாகச் செய்து சலித்துக்கொள்வதைவிட மேல். பொரித்த எண்ணெயில் மட்டும் ஓட்டலைப் பின்பற்ற வேண்டியதில்லை. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் பெருகும் போலார் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் வணிக அடுக்களைகளுக்கு வரம்பு வைத்திருக்கிறது. வீட்டில் அதை அளக்கக் கருவி இல்லாததால், ஒருமுறை பொரித்த எண்ணெயைத் தாளிக்கவும் வதக்கவும் விரைவில் தீர்த்துவிடுவதே நல்லது.

இத்தனையும் சரியாக அமைந்த பின்பும், அடுப்படியில் நின்றவருக்கு மட்டும் ஏதோ குறைவதாகத் தோன்றும். வீட்டார் "ஓட்டல் சாம்பார் மாதிரியே இருக்கிறது" என்று இரண்டாம் முறை ஊற்றிக்கொள்ளும்போதும் அவர் உதட்டைப் பிதுக்குவார். ஒரே மணத்தைத் தொடர்ந்து முகரும் மூக்கு சிறிது நேரத்தில் அதை உணர்வதை நிறுத்திக்கொள்கிறது. வறுத்து அரைத்துத் தாளித்தபடி ஒரு மணி நேரம் நின்றவருக்கு மல்லியும் பெருங்காயமும் ஏறக்குறைய மறைந்துபோயிருக்கும். ஓட்டலில் மேசையில் அமர்ந்தவரின் மூக்கு, வெளித் தெருவிலிருந்து நேராக உள்ளே வந்தது. சாம்பாரை இறக்கி மூடிவிட்டு, அது கூடிவருவதற்கு எப்படியும் வேண்டிய அந்த ஒரு மணி நேரத்தில் கடைத்தெருவுக்கு ஒரு நடை போய்வந்து, பிறகு கல்லைக் காயவைத்து உட்காரும் சமையற்காரருக்கு, மூடியைத் திறக்கும்போது அந்த மணம் திரும்பக் கிடைத்துவிடுகிறது.