உஷார்! கவர் போட்டு நிறுத்திய காருக்குள் எலிக் குடித்தனம்

பல வாரமாக எடுக்காத கார் உங்கள் வீட்டில் நிற்கிறதா? இதைப் படித்து முடிக்கும்வரை அதன் சாவியைத் தொடாதீர்கள். கவர் போட்டு மூடிவிட்டால் வண்டி பத்திரம் என்று நினைக்கிறோம். எலிக்கோ அது இருட்டான, கதகதப்பான, பூனையும் காக்கையும் எட்டாத இடம். பானெட்டுக்குள் கூடு கட்டிக் குட்டி போட்டுவிட்டால் ஒயர் போகும், ஏசி போகும், சமயத்தில் வண்டியே தீப்பிடிக்கும். இதையெல்லாம்விடப் பயங்கரம் ஒன்று உண்டு: எலியை ஒழிக்கிறேன் என்று காருக்குள் விஷம் வைப்பது. ஒயரை மாற்றிக்கொள்ளலாம். விஷக்காற்றில் போன உயிர் திரும்பாது.

நம் பக்கம் ஏன் கூடுதல் கவனம் வேண்டும்?

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று வரிசையாகத் தோல் ஷாப்புகளும் ஷூ கம்பெனிகளும் இருக்கிற பகுதி இது. உப்புப் போட்டு அடுக்கிய பச்சைத் தோல், அதிலிருந்து வழித்தெடுத்த சதைக் கழிவு, பழைய கிடங்குகள், கழிவுநீர்க் கால்வாய்கள் என எலிக்குத் தீனிக்கும் தங்குமிடத்துக்கும் இங்கே குறைவில்லை. ஆம்பூர் பிரியாணிக் கடைகளை ஒட்டிக் கொட்டப்படும் எலும்பும் சோறும் வேறு. இப்படிப்பட்ட தெருக்களில்தான், வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்பவர்களின் கார்களும், சென்னைக்கும் பெங்களூருக்கும் ரயிலில் போய்வருகிறவர்களின் கார்களும் மாதக்கணக்கில் அசையாமல் நிற்கின்றன.

மழைக்காலம் வந்தால் ஆபத்து கூடும். வடகிழக்குப் பருவமழையில் வளைக்குள் தண்ணீர் ஏறியதும் எலிகள் மேட்டைத் தேடி வெளியே வரும். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியதை நாம் யாரும் மறக்கவில்லை. அவ்வளவு பெரிய வெள்ளம்கூடத் தேவையில்லை. ஐப்பசி, கார்த்திகையில் தெருவில் இரண்டு நாள் தண்ணீர் தேங்கினாலே போதும், காய்ந்த இடமாக நிற்கும் காரின் டயர் வழியாக எலி மேலே ஏறிவிடும்.

ஒரு எலிதானே என்று விட்டுவிடாதீர்கள். சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் இடுக்கு போதும், உள்ளே நுழைந்துவிடும். சுமார் மூன்றே வாரத்தில் ஐந்தாறு குட்டி போடும். அந்தக் குட்டிகள் ஏறக்குறைய ஆறு வாரத்தில் தாமே குட்டி போடும் பருவத்தை அடையும். எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பதால், பசி இல்லாவிட்டாலும் எதையாவது கொறித்தே ஆக வேண்டும். 2020 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் பிஎஸ்-6 வண்டிகளில் சென்சாரும் ஒயரும் முன்பைவிட அதிகம். மெல்லிய ஒரு ஒயர் அறுந்தாலும் வண்டி ஓடாமல் நின்றுவிடலாம்.

இந்த அடையாளங்களைத் தேடுங்கள்

அரிசி அளவில் கறுப்புப் புழுக்கை. பேட்டரி மேலும் இன்ஜின் மூடி மேலும் கிழிந்த பஞ்சு, காகிதம், காய்ந்த இலை, தேங்காய் நார். மூத்திர நெடி. பானெட்டின் அடியில் ஒட்டியிருக்கும் பஞ்சு விரிப்பில் ஓட்டை. தூசியில் சின்னச் சின்னக் கால்தடம். கடைசியாக ஓட்டியபோது டேஷ்போர்டில் அணையாமல் எரிந்த எச்சரிக்கை விளக்கு. அப்போது ஏசியில் கேட்ட கடகடவென்ற சத்தம். இவற்றில் ஒன்று இருந்தாலும் உள்ளே எலி இருக்கலாம், அல்லது இருந்துவிட்டுப் போயிருக்கலாம்.

எலி வழக்கமாகக் கூடு கட்டும் இடங்கள்: ஏர் ஃபில்டர் பெட்டி, பேட்டரியின் அடித்தட்டு, டேஷ்போர்டின் இடப்பக்கப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் ஏசி ஃபில்டர், பின்சீட்டின் ஸ்பாஞ்ச், டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழி.

முதலில் ஸ்டார்ட் செய்யாதீர்கள்

எலிக்கூட்டோடு வண்டியை ஸ்டார்ட் செய்தால், சைலன்சர் சூட்டில் அந்தப் பஞ்சும் நாரும் பற்றிக்கொள்ளலாம். தோல் உரிந்த ஒயர்கள் உரசி ஷார்ட் ஆகலாம். பெட்ரோல் குழாயைக் கடித்திருந்தால் இன்ஜின் மேலேயே பெட்ரோல் சொட்டும். எனவே இந்த வரிசையில் போங்கள்.

பானெட்டைத் திறப்பதற்கு முன் இரண்டு மூன்று முறை ஓங்கித் தட்டுங்கள். திறந்ததும் கையை உள்ளே விடாதீர்கள், டார்ச் அடித்துப் பாருங்கள். எலி இருக்கும் இடத்தைத் தேடிப் பாம்பு வரும். சாரையும் நல்லபாம்பும் வண்டிக்குள் சுருண்டு கிடப்பது புதிதல்ல. பாம்பு தெரிந்தால் விலகி நின்று 101-க்கு அழைத்துத் தீயணைப்புத் துறையினரை வரச் சொல்லுங்கள்.

பெட்ரோல் வாடை அடித்தால் அத்தோடு நிறுத்துங்கள். வாடை இல்லாவிட்டாலும் ஒயர், ரப்பர் குழாய், பிரேக் ஆயில் அளவு எல்லாவற்றையும் பாருங்கள். கடித்த தடம் தெரிந்தால் ஸ்டார்ட் செய்து பார்க்கிற ஆசையை விட்டுவிட்டு மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழையுங்கள், அல்லது ரெக்கவரி வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். இன்சுலேஷன் டேப் சுற்றி நீங்களே சரிசெய்ய வேண்டாம். மஞ்சள் உறை போட்ட ஒயர்கள் பெரும்பாலும் ஏர்பேக்குக்குப் போகிறவை. மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிற ஒயரில் உயர் அழுத்த மின்சாரம் ஓடும். இரண்டிலும் கை வைக்கவே கூடாது.

காருக்குள் விஷம்: வேண்டவே வேண்டாம்

2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். வீட்டில் எலி மருந்து வைக்கப்பட்டிருந்தது. ஏசி போட்டு மூடிய அறையில் குடும்பம் தூங்கியது. இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள், பெற்றோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஒரு படுக்கை அறையிலேயே இந்தக் கதி என்றால், அதில் கால்வாசி இடம்கூட இல்லாத காருக்குள் என்ன ஆகும்?

தானியக் கிடங்குகளில் பூச்சிக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை, காற்றில் உள்ள ஈரம் பட்டாலே பாஸ்பீன் என்ற விஷவாயுவை வெளியிடும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. கடையில் சில்லறையாக வாங்கி டிக்கியில் போட்டு வைப்பவர் தன் குடும்பத்தின் உயிரோடு விளையாடுகிறார். கதவு நான்கையும் மூடிக்கொண்டு, உள்காற்றையே சுற்றவிட்டு, குழந்தைகளைப் பின்சீட்டில் உட்கார வைத்து ஓட்டுகிற வண்டி அது!

மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசை இன்னொரு எமன். உள்ளே போனால் கல்லீரலை அழிக்கும், அதற்கும் முறிவு மருந்து இல்லை. வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் இதனால் கல்லீரல் செயலிழந்து வந்தவர்களுக்குப் பல ஆண்டுகளாகச் சிகிச்சை தந்து, ஆய்வு செய்து, எச்சரித்து வந்திருக்கிறார்கள். தமிழக அரசும் அதற்குத் தடை போட்டுவிட்டது. யாராவது பழைய ஸ்டாக் என்று கொடுத்தால் வாங்காதீர்கள்.

கேக் வடிவில் வரும் மருந்தும் காருக்கு ஆகாது. அதைத் தின்ற எலி உடனே சாகாது, சில நாள் கழித்து டேஷ்போர்டுக்குள்ளோ சீட்டுக்கு அடியிலோ செத்துக் கிடக்கும். நாற்றம் தாங்காமல் டேஷ்போர்டையே கழற்ற வேண்டி வரும். அந்துருண்டையைக் கைநிறைய அள்ளிப் போடும் பழக்கத்தையும் விடுங்கள். மூடிய காரில் அதன் ஆவி கைக்குழந்தைகளின் ரத்த அணுக்களைச் சிதைக்கக்கூடும்.

வழி இருக்கிறது. கம்பிக்கூண்டு எலிப்பொறி போதும். கருவாட்டுத் துண்டோ மசால்வடையோ வைத்து, காருக்கு வெளியே டயர் ஓரமாகவும் சுவரோரமாகவும் வையுங்கள். தினமும் காலையில் பாருங்கள். எலி விழுவது நின்ற பிறகும் சில நாள் பொறி அங்கேயே இருக்கட்டும்.

சுத்தம் செய்யும்போது காய்ச்சலை வாங்கிக்கொள்ளாதீர்கள்

கூட்டைக் கண்டதும் துடைப்பத்தால் தட்டிவிடுவதும், காற்று பீய்ச்சுவதும், வேக்குவம் போடுவதும் பெரிய தவறு. காய்ந்த புழுக்கையும் மூத்திரமும் தூசியாகி மூக்கில் ஏறும். கதவுகளைத் திறந்து அரைமணி நேரம் காற்றோட விடுங்கள். ஏசியைப் போடாதீர்கள். கையுறையும் முகக்கவசமும் அணிந்து, 1 பங்கு ப்ளீச்சுக்கு 10 பங்கு தண்ணீர் கலந்து கூட்டை நனைத்து, சில நிமிடம் ஊறவிட்டுத் துணியால் வழித்தெடுங்கள். ப்ளீச்சோடு ஆசிட்டைக் கலக்காதீர்கள். ஒயர், ஃபியூஸ் பாக்ஸ் பக்கம் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஏர் ஃபில்டரையும் ஏசி ஃபில்டரையும் துடைத்துப் போடாமல் புதிதாக மாற்றுங்கள்.

எலிக்காய்ச்சல் எலியின் மூத்திரத்திலிருந்து, கையில் இருக்கும் கீறல் வழியாகவும் உடம்பில் ஏறும். கடும் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல், மஞ்சள் காமாலை ஆகியவை அதன் அறிகுறிகள். காரைச் சுற்றிப் புதர் மண்டியிருந்தால் ஸ்க்ரப் டைபஸும் வரலாம். எலி மேல் வாழும் நுண்ணிய உண்ணியின் இளம்புழு கடித்துப் பரவும் காய்ச்சல் இது. அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் சிகரெட்டால் சுட்டதுபோல் கறுப்புப் பொருக்கு தெரிந்தால் மருத்துவரிடம் ஓடுங்கள். நம் வட்டாரத்தில் மழை முடிந்த குளிர் மாதங்களில் இது தலைதூக்கும். தீவிர நிலையில் இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது ஒரே மருந்தைக் கொடுப்பதைவிட நல்ல பலன் தரும் என்று 2023-ல் வெளியான ஆய்வை வழிநடத்தியதே வேலூர் சிஎம்சிதான். காய்ச்சல் என்று போனால், “எலி இருந்த காரைச் சுத்தம் செய்தேன்” என்று மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் நோயைச் சீக்கிரம் கண்டுபிடிக்க உதவும்.

மூஞ்சூறையும் தொடாதீர்கள். அது எலி இனமே அல்ல, என்றாலும் 1964-ல் வேலூரில் பிடித்த மூஞ்சூறிலிருந்து பிரித்தெடுத்த ஹான்டா வகை வைரஸுக்கு நம் வேலூர் தோட்டப்பாளையத்தின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

இன்ஷூரன்ஸ் பேப்பரை எடுத்துப் பாருங்கள்

தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் எலி கடித்த செலவுக்கு ஒரு ரூபாயும் வராது. ஃபுல் கவர் வைத்திருப்பவர்கள் எலிச் சேதம் சேருமா என்று இப்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கடித்தது தெரிந்தும் ஓட்டி இன்ஜினைக் கெடுத்துக்கொண்டால், அது பின்விளைவுச் சேதம் என்று கழித்துவிடுவார்கள். அதனால் போட்டோ எடுங்கள், கம்பெனிக்குச் சொல்லுங்கள், சர்வேயர் பார்த்த பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

இனி வராமல் இருக்க

வாரம் ஒருமுறையாவது வண்டியை எடுத்துச் சில கிலோமீட்டர் ஓட்டுங்கள். அதற்கு முன் பானெட்டைத் திறந்து பாருங்கள். சாப்பாட்டுப் பொட்டலம், பிஸ்கட், சிந்திய சோறு எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. கோழித் தீவனம், அரிசி மூட்டை, குப்பைத்தொட்டி, தோல் துண்டு மூட்டை ஆகியவற்றின் பக்கத்தில் நிறுத்தாதீர்கள். சுற்றியுள்ள புதரை வெட்டுங்கள். தரையைத் தொடும் கார் கவரைச் சுருட்டிக் கட்டுங்கள். காற்று நுழையும் திறப்புகளுக்குக் 6 மில்லிமீட்டருக்கும் குறைவான கண்ணுள்ள துருப்பிடிக்காத கம்பிவலையை மெக்கானிக்கை வைத்துப் பொருத்துங்கள். எலி கொறிக்காமல் இருக்க மிளகாய்க் காரம் கலந்த ஒயர் டேப் உண்டு, அதைச் சுற்றலாம். புகையிலையும் கற்பூரமும் வாடை இருக்கும்வரைதான் உதவும், அவற்றை மட்டும் நம்பி மாதக்கணக்கில் விட்டுவிடாதீர்கள்.

வெளியூர் போகிறவர்கள் சாவியைப் பீரோவில் பூட்டிவிட்டுப் போகாமல் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துப் போங்கள். வாரம் ஒருமுறை பானெட்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். காருக்குள் மருந்து வைக்கக் கூடாது என்பதை டிரைவரிடமும் வாட்ச்மேனிடமும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே வைத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். ஆம் என்றால், கதவைத் திறந்து போட்டுக் குழந்தைகளை விலக்கி நிறுத்துங்கள். மாத்திரையை நீங்களாகக் கையால் எடுக்காமல் 101-க்கு அழையுங்கள். யாருக்காவது மூச்சுத் திணறலோ வாந்தியோ வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.