கால்மிதியில் ஈரமா? தண்ணீர் ஊற்றி ஓட்டாதீர்கள்

புதுச்சேரியின் பண்டசோழநல்லூர், நெட்டப்பாக்கம், மடுகரை, ஏம்பலம் பக்கம் பழைய மாருதி 800, ஜென், சான்ட்ரோ, இண்டிகா வைத்திருக்கும் பலருடைய டிக்கியில் ஸ்டெப்னிக்குத் துணையாக ஒரு தண்ணீர்க் கேனும் இருக்கிறது. காலையில் வண்டி எடுக்குமுன் ரேடியேட்டருக்கு ஒரு சொம்பு, வில்லியனூர் போய் வந்தால் இன்னொரு சொம்பு. கேட்டால், "பழைய வண்டிங்க, கொஞ்சம் தண்ணி குடிக்கும்" என்கிறார்கள். எந்த வண்டியும் தண்ணீர் குடிக்காது. மூடிய சுற்றில் ஓடும் கூலன்ட் குறைகிறது என்றால், ஒன்று வெளியே ஒழுகுகிறது, இல்லையென்றால் இன்ஜினுக்குள் போகிறது. மூன்றாவது காரணம் கிடையாது.

ரேடியேட்டரோ ஹோஸோ வாட்டர் பம்ப்போ ஒழுகினால் தரையில் சொட்டும், கண்ணில் படும். கண்ணில் படாமல் வண்டிக்குள்ளேயே ஒழுகுவது ஹீட்டர் கோர். பட்டறைகளில் ஹீட்டர் காயில் என்றும் சொல்வார்கள். டேஷ்போர்டுக்கு உள்ளே உட்கார்ந்திருக்கும் சின்ன ரேடியேட்டர் அது. இன்ஜினின் சுடுதண்ணீர் அதற்குள் ஓடும், பின்னாலிருக்கும் புளோயர் அந்தச் சூட்டைக் காற்றாக உள்ளே தள்ளும். "நம்ம ஊர் வெயிலுக்கு ஹீட்டரை யார் போடுறாங்க?" என்பீர்கள். நீங்கள் போடாவிட்டாலும் பல கார்களில் தண்ணீர் அதன் வழியாக எந்நேரமும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. குமிழைத் திருப்பினால் காற்றுப் பாதை மட்டும்தான் மாறும். உங்கள் வண்டியில் ஹீட்டர் உண்டா என்று தெரியவில்லையா? பானெட்டைத் திறந்து பாருங்கள். விரல் தடிமனில் இரண்டு ரப்பர் ஹோஸ்கள் இன்ஜினிலிருந்து டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள தகரச் சுவருக்குள் போனால், உண்டு.

இந்தக் கோர் கெடுவதற்கு முதல் காரணமே அந்தத் தண்ணீர்க் கேன்தான். போர்வெல் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் இருக்கும். கூலன்ட்டில் துருவைத் தடுக்கும் மருந்து கலந்திருக்கிறது. அதை நாளுக்கு நாள் நீர்க்கச் செய்து போர் தண்ணீரையே ஓடவிட்டால், மெல்லிய அலுமினியக் குழாய் அரிக்காமல் என்ன செய்யும்? ஒழுகலுக்காக ஊற்றும் தண்ணீர் ஒழுகலைப் பெரிதாக்குகிறது.

இனி, நடக்கும் தவறுகள். முன்சீட்டுப் பயணியின் காலடி நனைந்ததும் பெரும்பாலானவர்கள் ஏ.சி. மெக்கானிக்கிடம் போகிறார்கள். அவர் வடிகுழாயை ஊதிவிட்டுக் காசு வாங்கிக்கொள்கிறார், ஒரு வாரத்தில் மறுபடி ஈரம். இன்னொரு பட்டறையில் தண்ணீர் குறைகிறது என்ற ஒரே பேச்சை வைத்து ஹெட்டைக் கழற்றி கேஸ்கட் மாற்றுகிறார்கள். ஆயிரக்கணக்கில் செலவு, ஒழுகல் அப்படியே. மூன்றாவது ஆள் ரேடியேட்டரில் மஞ்சள்தூளைக் கொட்டுகிறார், கொஞ்சம் நாகரிகமானவராக இருந்தால் கடையில் விற்கும் ஒழுகல் அடைக்கும் மருந்தை ஊற்றுகிறார். ஓட்டையை அடைக்கும் பொருளுக்கு ஓட்டை எது, ரேடியேட்டரின் நுண்குழாய் எது என்று தெரியாது. இரண்டையும் அடைக்கும். நடுவழியில் மாட்டிக்கொண்டால் வீடு சேர்வதற்கு மட்டும் அந்த மருந்து உதவலாம், அவ்வளவுதான்.

சோதனை செலவில்லாமல் வீட்டிலேயே தொடங்கலாம். ஈரத்தில் வெள்ளைத் துணியை ஒற்றி எடுங்கள். ஏ.சி. தண்ணீருக்கு நிறமோ வாடையோ இருக்காது. கூலன்ட் என்றால் பச்சையோ சிவப்போ நீலமோ தெரியும், விரலில் வழுவழுக்கும், கொஞ்சம் தித்திப்பான வாடை வரும். போர் தண்ணீரையே ஊற்றிப் பழகிய வண்டியில் நிறம் தெரியாமல் துருக்கறை மட்டும் படலாம். அதனால் இரண்டு நாள் ஏ.சி. போடாமல் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் ஈரம் என்றால், மழையும் இல்லையென்றால், ஏ.சி.யைச் சந்தேகப்பட வேண்டியதில்லை. முன்கண்ணாடியின் உட்பக்கம் எண்ணெய்ப் படலம் போல மூடி, துடைத்தாலும் திரும்பத் திரும்பப் படிகிறதா? அது ஹீட்டர் கோரின் கையெழுத்து.

உறுதி செய்வது பிரஷர் டெஸ்ட். இதைச் செய்யாமல் யாரையும் வண்டியில் ஸ்பேனர் வைக்க விடாதீர்கள். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடி இருக்கும் இடத்தில் கைப்பம்ப்பும் மீட்டரும் உள்ள டெஸ்டரை மாட்டி, மூடியில் அச்சிட்டிருக்கும் அளவுக்குக் காற்றழுத்தம் ஏற்ற வேண்டும். பல கார்களில் அது 0.9 பார். கால் மணி நேரம் முள் அசையாமல் நின்றால் ஒழுகல் இல்லை. முள் இறங்கினால், தகரச் சுவருக்குள் போகும் இரண்டு ஹீட்டர் ஹோஸ்களையும் இடுக்கியால் இறுக்கிவிட்டு மறுபடி ஏற்றச் சொல்லுங்கள். இப்போது முள் நின்றுவிட்டால் ஒழுகல் ஹீட்டர் பக்கம்தான். அப்போதும் இறங்கினால் தேட வேண்டியது வேறு இடம். புகை வெள்ளையாக வருவது, ஆயில் மூடியில் பால் போல நுரை, ரேடியேட்டரில் இடைவிடாத குமிழி, இவை இருந்தால்தான் ஹெட் கேஸ்கட் பேச்சு. ஹீட்டர் பக்கம் என்று தெரிந்த பிறகும் கோரையே குற்றம் சொல்லாதீர்கள். ஹோஸ் கிளிப் தளர்ந்தாலும், ஹீட்டர் வால்வு கசிந்தாலும் முள் இதே போல இறங்கும். அவற்றைப் பார்த்த பிறகுதான் டேஷ்போர்டைக் கழற்ற வேண்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: சூடான இன்ஜினின் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் தண்ணீர் நூறு டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் இருக்கும். மூடி திறந்த நொடியில் பொங்கி முகத்தில் அடிக்கும். துணி சுற்றித் திறந்தாலும் அதே கதைதான்.

மாற்றும் வேலையில் பார்ட் விலையைவிடக் கூலி அதிகம், ஏனென்றால் சில கார்களில் டேஷ்போர்டு முழுவதும் கழன்று வர வேண்டும். ஏ.சி. பெட்டியும் சேர்ந்து கழல்கிற வண்டி என்றால் கேஸை இறக்கி ஏற்றும் செலவும் உண்டு. இதை எஸ்டிமேட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். பழைய ஹோஸையும் கிளிப்பையும் திரும்ப மாட்ட விடாதீர்கள். இரண்டும் சேர்ந்து மாற வேண்டும். கடைசியில் டிஸ்டில்டு வாட்டர் கலந்த கூலன்ட் நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ரேடியேட்டர் ஃபேன் தானாக ஓடும்வரை இன்ஜினை நிறுத்தாமல் உள்ளிருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். காற்று தங்கினால் புதுக் கோர் போட்ட வண்டியே வழியில் கொதிக்கும். மாருதி 800 உற்பத்தி 2014இல் நின்றுவிட்டதால் பலர் சென்னை புதுப்பேட்டையில் பழைய கோர் வாங்குகிறார்கள். வாங்கலாம், ஆனால் மாட்டுமுன் தண்ணீரில் முக்கிக் காற்றழுத்தம் ஏற்றிப் பாருங்கள்.

கோர் கிடைக்கவில்லை, பணம் இல்லை என்றால், இரண்டு ஹோஸ்களையும் ஒன்றோடொன்று இணைத்து ஹீட்டரையே சுற்றிலிருந்து விலக்கிவிடலாம். நம் தட்பவெப்பத்துக்கு இது மோசமான வழி இல்லை. ஆனால் இணைப்புக்கு கூலன்ட் ஹோஸே வேண்டும். தோட்டத்துக் குழாயை மாட்டினால் சூட்டில் இளகிப் பிய்ந்துகொள்ளும். ஹோஸ் முனைகளைத் தனித்தனியாக அடைக்கவும் கூடாது. சில இன்ஜின்களில் அந்தப் பாதையில் தண்ணீர் ஓடியே ஆக வேண்டும். இப்படி மாற்றியதை பில்லில் எழுதி வாங்குங்கள், வண்டியை விற்கும்போது வாங்குபவரிடம் சொல்லுங்கள்.

கூலன்ட் நஞ்சு. பெரும்பாலான கூலன்ட்டில் இருப்பது எத்திலீன் கிளைகால். 2022இல் காம்பியா நாட்டில் குழந்தைகள் இறந்தபோது, இந்திய நிறுவனம் ஒன்றின் இருமல், சளி மருந்துகளில் உலக சுகாதார நிறுவனம் கண்டது இதையும் இதன் பங்காளியான டைஎத்திலீன் கிளைகாலையும்தான். 2025இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசக் குழந்தைகள் இறந்ததும் அந்தப் பங்காளியால்தான். தித்திப்பதால் நாயும் மாடும் நக்கும், குழந்தையும் நக்கும். வடித்த கூலன்ட்டை வாய்க்காலிலும் வாசலிலும் ஊற்றும் பட்டறைகளைப் பார்த்தும் பேசாமல் வருகிறோம். மூடிய கேனில் பிடித்து வைக்கச் சொல்லுங்கள். குளிர்பான பாட்டிலில் ஊற்றி வீட்டில் வைக்கவே வைக்காதீர்கள். யாராவது குடித்துவிட்டால் அறிகுறிக்குக் காத்திருக்க வேண்டாம். முதலில் போதை போலத்தான் தெரியும், சிறுநீரகம் பழுதாவது பிறகு. வாந்தி எடுக்க வைக்காமல் 108ஐ அழையுங்கள், ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனைக்குக் கேனோடு கொண்டுபோங்கள்.

இப்போது காகிதத்துக்கு வருவோம். நம் ஆட்கள் கோட்டை விடுவது இங்கேதான். வண்டி கொதித்து இன்ஜின் சீஸ் ஆகிவிட்டால் இன்சூரன்ஸ் தரும் என்று நினைக்காதீர்கள். சாதாரண மோட்டார் பாலிசி இயந்திரக் கோளாறையும் தேய்மானத்தையும் ஏற்காது. மெக்கானிக்கின் தவறு என்றால் அவரிடம்தான் கேட்க வேண்டும், கேட்பதற்குக் கையில் பில் வேண்டும். ஜி-பே ஸ்கிரீன்ஷாட் பணம் போனதற்குச் சான்று, என்ன வேலைக்குப் போனது என்பதற்குச் சான்று இல்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, செய்த வேலைக்கு பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிக நடவடிக்கை. "பில் போட்டா ஜி.எஸ்.டி. சேர்ந்துடும்ண்ணே" என்று சொன்னதும் தலையாட்டிவிட்டு வருகிறவர்கள், நாளைக்குக் கேட்க வேண்டிய உரிமையை அங்கேயே விட்டுவிட்டு வருகிறார்கள்.

வேலைக்கு விடும்போது எஸ்டிமேட், முடிந்ததும் வண்டி எண்ணும் கிலோமீட்டரும் மாற்றிய பார்ட்டும் கூலியும் தனித்தனியாகக் குறித்த பில், புதுப் பார்ட் வந்த அட்டைப்பெட்டி, கழற்றிய பழைய பார்ட். இந்த நான்கும் உங்கள் வீட்டில் இருக்க வேண்டும். கூலியில் தகராறு வந்தால் சண்டை போட்டு வண்டியை எடுத்துவர முடியாது. தான் செய்த வேலைக்கான கூலி வரும்வரை வண்டியை நிறுத்திவைக்க ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவு பட்டறைக்காரருக்கு உரிமை தருகிறது. பணத்தைக் கட்டி, பில்லிலேயே "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டு, படம் எடுத்துக்கொண்டு வாருங்கள். அதே சமயம் தன்னிடம் விட்ட பொருளைக் கவனத்தோடு பார்த்துக்கொள்ளும் கடமை அவருக்கும் அதே சட்டத்தின் 151ஆம் பிரிவில் இருக்கிறது.

வேலை சரியில்லை என்றால் உடனே வேறு இடத்தில் கழற்றிவிடாதீர்கள். கழற்றிவிட்டால் சான்று போயிற்று. முதலில் அதே பட்டறைக்கு எழுத்தில் தெரிவியுங்கள், வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் சரி. பிறகு வேறொரு பட்டறையில் பிரஷர் டெஸ்ட் செய்து, முடிவை அவர்கள் லெட்டர்பேடில் வாங்குங்கள். அதற்குப் பிறகு ஸ்பீடு போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்பி, போய்ச் சேர்ந்த சான்றை வைத்துக்கொள்ளுங்கள். 2025இல் பதிவுத் தபால் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது, போஸ்ட் ஆபீசில் தனியாகப் பதிவுத் தபால் கேட்டு நிற்காதீர்கள்.

பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். பல விவகாரங்கள் அந்த நிலையிலேயே தீர்ந்துவிடும். இந்த எண்ணை ஒவ்வொரு கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகச் சுவரிலும் பெரிதாக எழுதிவைக்க எவ்வளவு பெயின்ட் ஆகும்? 2006இல் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் வந்தவர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது, பிறகு தேர்தலே நடக்காததால் இதைப் போய்க் கேட்க ஒரு வார்டு மெம்பரும் இல்லை.

தீராவிட்டால் புதுச்சேரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நம் ஊர்களைச் சுற்றிலும் தமிழ்நாடு, வண்டியை விடுவது பண்ருட்டியிலோ விழுப்புரத்திலோ கடலூரிலோ இருக்கலாம். "அது வேற ஸ்டேட், அங்கதான் கேஸ் போடணும்" என்று சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். தவறு. 2019 சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம், முகவரிக்கு ஆதார் நகல் வையுங்கள். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. உங்கள் பெயர் முகவரி, எதிர்த்தரப்பின் பெயர் முகவரி, தேதிவாரியாக நடந்தது, கேட்கும் தொகை, ஆவணப் பட்டியல், உறுதிமொழிப் பத்திரம், இவ்வளவுதான் புகார். நேரில் கொடுக்கலாம், 2025 ஜனவரி முதல் இயங்கும் இ-ஜாக்ருதி தளத்திலும் பதியலாம். நோட்டீஸ் போன மூன்று மாதத்தில், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் தீர்க்க முயல வேண்டும் என்பது சட்டம். நடப்பில் வாய்தா இழுக்கும், சலித்து விட்டுவிடாதீர்கள். பெண்களும் பட்டியல் சாதியினரும் வருமானக் கணக்குப் பார்க்காமல் இலவச சட்ட உதவி பெறலாம், எண் 15100. சொந்த வண்டியைத் தானே ஓட்டிப் பிழைக்கும் டாக்சிக்காரரும் இந்தச் சட்டத்தில் நுகர்வோர்தான். தெரிந்தவர் ஒருவரிடம் நேராக வாங்கிய பழைய காரில் கோளாறு என்றால் மட்டும் இங்கே வழி இல்லை, அவர் வணிகர் ஆக மாட்டார்.

குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் போக வேண்டும். அதுவரைக்கும், புகார் போட்டிருந்தால் தீர்ப்பு வரும்வரைக்கும், கழற்றிய ஹீட்டர் கோரைப் பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள்.