மேசையில் கூடியது, சாலையில் முறிந்தது

இலங்கைப் போர் வல்லத்திராக்கோட்டைக்குத் தூரத்துச் செய்தி அல்ல. அந்த ஊர் இருக்கும் புதுக்கோட்டை மாவட்டத்தில் தோப்புக்கொல்லை, லேணா விளக்கு, அழியாநிலை என மூன்று இடங்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. போருக்குத் தப்பிப் படகேறி வந்தவர்களின் குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன.

அந்தப் போரை நிறுத்த முயற்சிகளுக்குக் குறைவில்லை. 1985-இல் பூட்டானின் திம்புவில் நடந்த பேச்சு முறிந்தது. 1987 ஜூலை 29-இல் இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜெயவர்த்தனேயும் ஒப்பந்தம் செய்தார்கள். களத்தில் நின்ற விடுதலைப் புலிகள் அதில் கையெழுத்திடவில்லை. அக்டோபரிலேயே இந்திய அமைதிப்படைக்கும் அவர்களுக்கும் சண்டை மூண்டது.

அதிகம் நம்பிக்கை தந்தது 2002. நார்வேயின் முயற்சியில் பிப்ரவரி 22-இல் அரசுக்கும் புலிகளுக்கும் இடையே போர்நிறுத்தம் வந்தது. ஏப்ரலில் யாழ்ப்பாணம் போகும் ஏ-9 சாலை திறந்தது. அதுவரை கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போகக் கப்பலோ விமானமோதான். அதன்பின் ஓமந்தை, முகமாலை சோதனைச் சாவடிகளில் இறங்கி, பைகளைத் திறந்து காட்டிவிட்டு, மக்கள் மீண்டும் பஸ் ஏறினார்கள். சமாதானம் என்றால் அவர்களுக்கு அந்தச் சாலைதான்.

டிசம்பரில் ஓஸ்லோவில், ஒன்றுபட்ட இலங்கைக்குள் கூட்டாட்சித் தீர்வை ஆராய இரு தரப்பும் இசைந்தன. ஆனால் யாழ்ப்பாணத்தில் ராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் சிக்கிய வீடுகளுக்கு மக்கள் திரும்ப முடியவில்லை. கொழும்பிலோ பிரதமர் ரணிலும் ஜனாதிபதி சந்திரிகாவும் எதிரெதிர்க் கட்சிகள். 2003 ஏப்ரலில் புலிகள் பேச்சிலிருந்து விலகினார்கள். நவம்பரில் சந்திரிகா பாதுகாப்பு உட்பட 3 அமைச்சுகளைத் தன்வசம் எடுத்துக்கொண்டார்.

2004 சுனாமி இந்தோனேசியாவின் ஆச்சேவையும் இலங்கையையும் ஒரே நாளில் அடித்தது. ஆச்சே கிளர்ச்சியாளர்கள் 2005 ஆகஸ்டில் ஹெல்சின்கியில் அரசோடு கையெழுத்திட்டார்கள். தனிநாட்டுக் கோரிக்கையை அவர்கள் கைவிட, ஜகார்த்தா தன்னாட்சியும் உள்ளூர்க் கட்சி தொடங்கும் உரிமையும் தந்தது. இலங்கையிலோ நிவாரணத்தைப் பகிரும் உடன்பாட்டைக்கூட உச்ச நீதிமன்றம் முடக்கியது.

2006 ஆகஸ்டில் மீண்டும் சண்டை மூண்டு ஏ-9 மூடப்பட்டது. அக்டோபரில் ஜெனீவாவில் கூடிய இரு தரப்பினரும் அதைத் திறப்பதா வேண்டாமா என்பதிலேயே முட்டி நின்று, அடுத்த தேதிகூடக் குறிக்காமல் கலைந்தார்கள். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தபோது பேச்சு மேசையே இல்லை.

இன்று ஏ-9 சாலையில் பஸ் ஓடுகிறது. முகாம்களில் பிறந்து வளர்ந்த தலைமுறைக்கோ யாழ்ப்பாணம் பெற்றோர் சொல்லிக் கேட்ட ஊர். அண்டை நாட்டு அகதிகளுக்குக் குடியுரிமை தர வழிசெய்த இந்தியாவின் 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இடம்பெறவில்லை.