கேலரியில் உட்கார்ந்த மூன்று நாள்

2022 மே மாதம். பள்ளி விடுமுறை தொடங்கிய மறுநாள் காலை, செருப்பு ஸ்டாண்டின் அடித்தட்டில் கிடந்த மகளின் ஓட்டக் காலணியை எடுத்துத் தூசி தட்டினேன். 2020 மார்ச்சில், அந்த ஆண்டுக் கோடை முகாமுக்கென்று வாங்கியது. ஒரு நாள்கூடப் போடவில்லை. கடையில் உள்ளே திணித்துக் கொடுத்த காகித உருண்டை அப்படியே இருந்தது. மாட்டிப் பார்த்தாள், குதிகால் முழுதாக வெளியே நின்றது. ஒன்பது வயதுக் காலுக்கு வாங்கியதில் பதினொரு வயதுக் கால் எப்படி நுழையும்? எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

கொரோனாவில் இரண்டு கோடை போயே போய்விட்டது. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் பள்ளியே திறந்தது. 2022 ஜனவரியில் மறுபடி மூடி, பிப்ரவரியில் திறந்தார்கள். அதற்குள் என் மகள் மூக்குக் கண்ணாடி போட்டிருந்தாள். வெளி வெளிச்சத்தில் விளையாடும் நேரம் குறையக் குறைய கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு கூடும் என்று கண் மருத்துவர் சொன்னார். மாடிக்கு இரண்டு தடவை ஏறி இறங்கினால் அவளுக்கு இரைத்தது. ஐந்து வயது முதல் பதினேழு வயது வரையிலான பிள்ளைகள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடம்பு வியர்க்க ஓடியாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. எங்கள் வீட்டில் அறுபது நிமிடத்தைத் தாண்டி ஓடியது செல்போன் மட்டும்தான்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் முகாமில் சேர்க்க மனம் துணியவில்லை. பன்னிரண்டு வயது நிரம்பியவர்களுக்கு அந்த ஆண்டு மார்ச் 16 முதல் தடுப்பூசி போட ஆரம்பித்திருந்தார்கள். அவளுக்கு வயது எட்டவில்லை. என் மாமியார் ஒரேயடியாக மறுத்துவிட்டார். “வேணாம்த்தா. இத்தன நாளு பொத்திப் பொத்தி வச்சிருந்து, இப்ப கொண்டுபோய்க் கூட்டத்துல விடப் போறியா?”

அத்தைக்கு உடனே ஒரு பதில் என் நாக்கு நுனிவரை வந்தது. அதற்கு ஒரு மாதம் முன்பு, இரண்டு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு மதுரைச் சித்திரைத் திருவிழா மக்களோடு நடந்தது. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க அத்தையே பேத்தியைக் கூட்டிக்கொண்டு போனார். லட்சக்கணக்கான சனம். அன்று பயப்படாதவருக்கு முப்பது பிள்ளைகள் ஓடும் மைதானம் ஏன் பயம்?

கேட்கவில்லை. இரவு முழுக்க யோசித்ததில் எனக்கே விளங்கியது. ஆற்றங்கரையில் பிள்ளையின் மணிக்கட்டு அத்தையின் கையில் இருந்தது. முகாமில் அந்தக் கையை விட வேண்டும். முன்பின் தெரியாத ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பி நடக்க வேண்டும். அத்தை பயந்தது கிருமிக்கு மட்டுமல்ல, நானும் அப்படித்தான். இரண்டு ஆண்டு நம் கண் எட்டும் தூரத்திலேயே வளர்ந்த பிள்ளையை இன்னொருவர் கண்ணை நம்பி விடும் பழக்கம் நமக்கு விட்டுப் போயிருந்தது.

சரி, பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்று முதலில் ஒரு தனியார் பயிற்சிக் கூடத்துக்குப் போனோம். பளபளவென்ற விளம்பரம், சீருடைக்குத் தனிக் கட்டணம். “பேரன்ட்ஸ் கேட்டுக்கு வெளியிலதான் நிக்கணும், உள்ள அலோ பண்றதில்ல” என்றார்கள். ஏன் என்று கேட்டதற்கு, பிள்ளைகளின் கவனம் கெடும் என்று பதில். அம்மா எட்டிப் பார்த்தால் ஓர் ஐந்து நிமிடம் கவனம் சிதறும், அவ்வளவுதானே? பெற்றவர் பார்க்கக் கூடாத பயிற்சி என்ன பயிற்சி? திரும்பி வந்துவிட்டோம்.

அடுத்துப் போன மைதானத்தில் இப்படிக் கண்டிப்பில்லை. தடகள மாஸ்டர் அறுபதை நெருங்கியவர், கழுத்தில் விசில், கையில் கோடு போட்ட பழைய நோட்டு. சேர்க்கைப் படிவத்தைத் தரும் முன்பே மூன்று கேள்வி கேட்டார். “புள்ளைக்குக் கொரோனா வந்துச்சா? எப்ப? ஓடும்போது நெஞ்சு வலி, படபடப்பு, மயக்கம்னு ஏதாச்சும் சொல்லுச்சா?” வந்திருந்தால் டாக்டரிடம் காட்டிவிட்டு வரச் சொன்னார். வராவிட்டாலும் முதல் வாரம் நடையும் மெல்லோட்டமும் மட்டும்தான் என்றார். பிறகு கேலரியைக் கைகாட்டி, “மூணு நாளைக்கு அங்க உக்காந்து பாருங்கம்மா. புடிச்சா சேருங்க” என்றார்.

மூன்று நாளும் விடியுமுன்பே போய் உட்கார்ந்தேன். அத்தையும் வந்தார். கத்திரி வெயில் காலம், ஆறரைக்கெல்லாம் கேலரியின் சிமெண்ட் படி சுட ஆரம்பிக்கும். முதல் நாள் என் மகள் அரை ரவுண்டிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். மாஸ்டர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பக்கத்தில் வந்து, தொடாமல், இரண்டடி தள்ளி நின்று, “மூச்ச மூக்கால இழுடா தங்கம். நட, ஓடாத, நட” என்று கூடவே நடந்தார். கால் மணிக்கு ஒரு தரம் விசில் ஊதினார். எல்லாப் பிள்ளைகளும் வேப்பமரத்தடிக்கு ஓடி, அவரவர் பாட்டிலில் தண்ணீர் குடித்தார்கள். “எனக்குத் தாகமில்ல” என்ற பையனையும் குடிக்க வைத்துவிட்டுத்தான் விட்டார். பயிற்சி எட்டு மணியை ஒரு நிமிடம்கூடத் தாண்டவில்லை, வெயிலில் யாரும் நிற்கவில்லை.

மூன்றாம் நாள் அத்தை கேலரியிலிருந்து இறங்கி நேராக மாஸ்டரிடம் போனார். “தம்பி, பொட்டப் புள்ள. ஒங்கள நம்பித்தான் விட்டுட்டுப் போறோம்.” மாஸ்டர் தன் செல்போன் எண்ணை நோட்டில் எழுதிக் கிழித்து அத்தையின் கையில் கொடுத்தார்.

அந்த நேரத்தில் எனக்கு நினைவுக்கு வந்தது சக்கிமங்கலத்து ஆரம்மாள். மதுரைப் பக்கத்து ஊர் அது. டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஜூலை 30 அன்று, 4x400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடிய ரேவதி வீரமணியை வளர்த்த பாட்டி அவர். தாய் தகப்பன் இல்லாத பேத்தி பள்ளிப் போட்டியில் வெறுங்காலோடு ஓடியதைப் பார்த்த பயிற்சியாளர் கண்ணன், பயிற்சிக்கு அனுப்பும்படி கேட்டார். பாட்டி முதலில் சம்மதிக்கவில்லை. கண்ணன் விடாமல் பேசி அவரைச் சம்மதிக்க வைத்தார். கல்லூரியிலும் விடுதியிலும் இடம் கிடைக்க வழி செய்தார். ஆரம்மாளின் தயக்கத்தை அறியாமை என்று அவர் ஒதுக்கவில்லை, ஒரு பாட்டியின் நியாயமான கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்லியிருக்க வேண்டும். ரேவதியின் ஓட்டம் அங்கிருந்துதான் தொடங்கியது.

இப்போது முகக்கவசம் போய்விட்டது. அச்சம் வேறு இடத்துக்கு மாறியிருக்கிறது. 2021-இல் சென்னையில் பெயர்பெற்ற தடகளப் பயிற்சியாளர் ஒருவர், குழந்தைகளைப் பாலியல் கொடுமையிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் கைதான செய்தியைப் படித்த எந்தத் தாயும் அதை மறக்கமாட்டாள். பயிற்சியில் தொட்டுத் திருத்துவது உண்டு. அதற்கு ஒரு எல்லையும் உண்டு. பிள்ளையிடம் அதை முகாமுக்கு அனுப்பும் முன்பே, சோறு ஊட்டும்போது பேசுகிற மாதிரி இயல்பாகப் பேசிவிட வேண்டும். “மாஸ்டர் சொன்னாருன்னு அம்மாகிட்ட மறைக்கிற விஷயம்னு ஒண்ணு கிடையாது” என்று நான் என் மகளிடம் சொன்னேன். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் மறைப்பதே குற்றம். முகாம் நடத்துபவருக்கும் அது பொருந்தும். குழந்தைகள் உதவி எண் 1098. அந்த நான்கு இலக்கம் உங்கள் பிள்ளைக்கு மனப்பாடமாகத் தெரியுமா?

வெயிலும் அச்சம்தான். ஏசி அறையிலிருந்து நேராக மே மாத மைதானத்துக்குப் போகும் உடம்பு வெப்பத்துக்குப் பழக ஒன்று, இரண்டு வாரம் பிடிக்கும். முதல் நாளே பத்து ரவுண்டு ஓட விடும் மாஸ்டரை நம்பாதீர்கள். வெயிலில் ஓடும் பிள்ளை உளறினாலோ தடுமாறி மயங்கினாலோ நிழலுக்குத் தூக்கி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும். மயங்கிய பிள்ளையின் வாயில் தண்ணீர் புகட்டக் கூடாது. இது அங்கே நிற்கும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தெரியுமா என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்பவரிடம் பிள்ளையை விடாதீர்கள்.

முகாம் நடத்தும் பெரியவர்களே, தயங்கி நிற்கும் பெற்றோரைத் தொந்தரவு என்று நினைக்காதீர்கள். கேட்டைத் திறந்து வையுங்கள். தண்ணீரும் முதலுதவிப் பெட்டியும் கண்ணில் படும்படி இருக்கட்டும். பெண் பிள்ளைகள் இருக்கும் முகாமில் ஒரு பெண் பயிற்சியாளராவது இருக்கட்டும். உடை மாற்ற ஒரு அறையும், உள்ளிருந்து பூட்ட ஒரு தாழ்ப்பாளும் இருக்கட்டும்.

பெற்றோரே, விடுமுறை வருகிறது. பிள்ளையைச் சேர்த்துவிடுங்கள், ஆனால் முதல் மூன்று நாள் கேலரியில் உட்கார்ந்து பாருங்கள். பாட்டி, தாத்தாவையும் கூட்டிப் போங்கள். ஷூவை மட்டும் போன வருடத்து அளவுக்கு வாங்கிவிடாதீர்கள்.