செமினிக் கணக்கு: வாக்கு, லெவி, ஏஜெண்டு காசு

2018 மே 9 அன்று மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள செமினி சட்டமன்றத் தொகுதியில் பக்காத்தான் ஹராப்பான் சார்பில் நின்ற பெர்சத்து வேட்பாளர் பக்தியார் முகமட் நோர் 23,428 வாக்குகள் பெற்று வென்றார். தேசிய முன்னணிக்கு 14,464, பாஸ் கட்சிக்கு 6,966, மலேசிய சோசலிசக் கட்சியின் (பி.எஸ்.எம்.) அருட்செல்வனுக்கு 1,293. பக்தியார் காலமானதால் 2019 மார்ச் 2-இல் இடைத்தேர்தல் வந்தது. தேசிய முன்னணிக்காக நின்ற அம்னோவின் சக்கரியா ஹனாபி 19,780 வாக்குகள் எடுத்தார், பக்காத்தானுக்கு 17,866. பத்து மாதம் முடிவதற்குள் 8,964 பெரும்பான்மை கரைந்து, எதிரணி 1,914 வாக்கு முன்னே போய்விட்டது.

மக்கள் மனம் மாறிவிட்டது என்று அப்போது பேசினார்கள். கூட்டிப் பார்த்தால் கதை வேறு. இடைத்தேர்தலில் பாஸ் நிற்கவில்லை. முன்னணிக்குக் கூடியது 5,316. பாஸ் முன்பு வைத்திருந்ததோ 6,966. பக்காத்தான் இழந்தது 5,562. பதிவான செல்லுபடி வாக்குகளில் மொத்தக் குறைவு 6,933. பக்காத்தானின் ஆதரவாளர்களில் பலர் கட்சி மாறவில்லை, வாக்குச்சாவடிக்கே வரவில்லை என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். உண்மையில் மாறியவை கட்சிகள். 2020-இல் பெர்சத்து பக்காத்தானை விட்டு வெளியேறியது. 2023 மாநிலத் தேர்தலில் அம்னோவும் பக்காத்தானும் ஒரே அணியில் நின்றன. செமினியைப் பாஸ் கட்சியின் நூஷி மாபோட்ஸ் வென்றார்.

இந்தக் கூட்டல் கழித்தலில் எந்தப் பக்கமும் சேராதவர்கள் இந்த நாட்டில் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்து தொழிற்சாலையிலும் கட்டுமானத்திலும் உழைக்கும் அவர்களுக்கு இங்கே வாக்கு இல்லை. வாக்கில்லாதவன் கொடுக்கும் விலையை யார் கேட்பது?

2018 ஜூனில் ‘தி ஸ்டார்’ நாளிதழ் வெளியிட்ட செய்தியின்படி, ஒரு வங்காளதேசத் தொழிலாளி மலேசியாவுக்கு வர ஏஜெண்டுகளுக்குக் கொடுத்தது 20,000 ரிங்கிட். ஆளைக் கொண்டுவர ஆன உண்மைச் செலவு 2,000-க்கும் குறைவு. அன்றைய குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,000 ரிங்கிட். சாப்பிடாமல், ஊருக்கு ஒரு காசும் அனுப்பாமல் இருந்தால்கூட அந்தக் கடனுக்கே இருபது மாதச் சம்பளம் சரியாகப் போகும். ஒரு லட்சம் பேருக்குப் பெருக்கினால் 200 கோடி ரிங்கிட். பத்து நிறுவனங்கள் மட்டும் கையில் வைத்திருந்த அந்த முறையை அப்போதைய மனிதவள அமைச்சர் மு.குலசேகரன் நிறுத்தினார். ஆட்சி மாறி, 2021 டிசம்பரில் வங்காளதேசத்துடன் புதிய ஒப்பந்தம் கையெழுத்தானது. இந்த முறை ஏஜெண்டு நிறுவனங்கள் 25.

நம் பாட்டன்மார் வந்த கணக்கை இதன் அருகே வைத்துப் பார்க்க வேண்டும். 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி உருவானது. தமிழ்த் தொழிலாளர்களை வைத்திருந்த முதலாளிகளிடம் தலைக்கு இவ்வளவு என்று வசூலித்து, அந்தப் பணத்தில் கப்பல் செலவு பார்க்கப்பட்டது. தோட்டத்துக் கொடுமைகளை அது குறைக்கவில்லை. கங்காணியின் பிடியும் இருந்தது. ஆனாலும் வந்த செலவை முதலாளியின் கணக்கில் எழுத வேண்டும் என்பதை அந்தக் காலனி அரசே ஏற்றுக்கொண்டிருந்தது. நூறு ஆண்டுக்குப் பிறகு அதே செலவு பலமடங்காகித் தொழிலாளியின் தலையில் இறங்கியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

முதலாளிகளின் குரலுக்கு இருக்கும் எடையையும் எண்ணிலேயே காட்டலாம். 2016 ஜனவரி கடைசியில் வெளிநாட்டுத் தொழிலாளர் ஒருவருக்குக் கட்ட வேண்டிய லெவி, தொழிற்சாலை, கட்டுமானத் துறைகளில் ஆண்டுக்கு 2,500 ரிங்கிட், தோட்டத்துக்கு 1,500 என்று அரசு அறிவித்தது. முதலாளிமார் சங்கங்கள் எதிர்த்தன. மார்ச்சுக்குள் அது 1,850 ஆகவும் 640 ஆகவும் இறங்கிவிட்டது.

பிரிட்டனில் பணக்காரர்கள் கட்சி நன்கொடை மூலம் இதைவிட வெளிப்படையாகப் பேசுகிறார்கள். 2019-இல் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 5 லட்சம் பவுண்டு கொடுத்த கைப்பேசி வணிகர் ஜான் காட்வெல், 2024-இல் லேபர் பக்கம் வந்தார். குடியேற்றத்தைக் குறைப்பதே முதல் வேலை என்று சொல்லும் ரிஃபார்ம் கட்சிக்கு அதே ஆண்டில் 2 லட்சம் பவுண்டு கொடுத்து அதன் நிர்வாகத் தலைவர் (சேர்மன்) ஆனவர் சியா யூசுப். அவருடைய பெற்றோர் இலங்கையிலிருந்து குடியேறியவர்கள். அந்த ஆண்டுப் பொதுத்தேர்தலில் ரிஃபார்முக்கு 14.3 விழுக்காடு வாக்கு, 5 இடம். 11,180 பவுண்டுக்கு மேல் கட்சிக்குப் போகும் நன்கொடையை அங்கே அறிவித்தாக வேண்டும். அதனால்தான் இந்தத் தொகைகள் நமக்குத் தெரிகின்றன. செமினி இடைத்தேர்தல் நடந்தபோது மலேசியாவில் அப்படி ஒரு சட்டம் இல்லை. சட்டமன்ற வேட்பாளர் 1 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் செலவழிக்கக்கூடாது என்ற வரம்பு உண்டு; கட்சியின் செலவுக்கு வரம்பே இல்லை.

செமினிக்கு இன்னொரு எண்ணும் உண்டு: 59. இங்கிருந்த குடிநுழைவுத் தடுப்பு முகாமில் பெரிபெரி, டைபாய்டு போன்ற, தடுத்திருக்கக்கூடிய நோய்களால் இறந்தவர்களாக 1995-இல் செய்தி வந்த எண்ணிக்கை அது, பெரும்பாலோர் வங்காளதேசத்தவர். தடுப்பு முகாம்களின் நிலையை அறிக்கையாக வெளியிட்டவர் பெண்கள், வெளிநாட்டுத் தொழிலாளர் உரிமை அமைப்பான தெனாகானித்தாவின் ஐரின் பெர்னாண்டஸ், ரப்பர் தோட்ட மேற்பார்வையாளரின் மகள். பொய்ச் செய்தி பரப்பியதாக 1996 மார்ச்சில் கைதானார். 2003 அக்டோபர் 16-இல் 12 மாதச் சிறைத் தண்டனை. மேல்முறையீடு நிலுவையில் இருந்தபோதும், அந்தத் தண்டனையால் 2004 பொதுத்தேர்தலில் வேட்பாளராக நிற்கவும் அவருக்கு வழியில்லை. உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது 2008 நவம்பர் 24-இல்.