குரோஷா போடுங்க... கையையும் கவனிங்க!

மத்தியானம் வேலை ஓய்ந்ததும் குரோஷா ஊசியும் நூலுமாக உட்கார்ந்துவிடுகிறீர்களா? நல்ல பழக்கம்தான். ஆனால், 'இந்த ஒரு வரிசையை முடிச்சுடலாம்' என்று இரண்டு மணி நேரம் குனிந்தே இருப்பதுதான் வம்பு!

ஊசியை இறுக்கிப் பிடித்து மணிக்கட்டை மடக்கியே வைத்திருந்தால், உள்ளே ஓடும் நரம்பு அழுந்தலாம். ராத்திரியில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போவது அதன் அறிகுறி. ஊசியின் பிடியில் துணியைச் சுற்றித் தடிமனாக்குங்கள். இறுக்கிப் பிடிக்க வேண்டியிராது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை கையைத் தளர்த்தி, ஜன்னல் வழியே தூரத்தில் பாருங்கள். 40 வயதைத் தாண்டியபின் பின்னல் மங்கலாகத் தெரிந்தால் வெள்ளெழுத்தாக இருக்கலாம், கண்ணைப் பரிசோதியுங்கள்.

விரல் மரத்துப்போவது தொடர்ந்தால், 'தானாப் போயிடும்' என்று விடாதீர்கள். கையில் பலம் குறைந்துவிடும். சீக்கிரமே டாக்டரிடம் காட்டுங்கள். ஆசை ஆசையாக ஆரம்பித்த மேஜை விரிப்பு பாதியில் நிற்காது!